கேட்டுவிட்டு ஊசி போடுகிறார்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ்–டிப்தீரியா தடுப்பூசி

ஆணி குத்தினால், முள் கிழித்தால் எங்கே போய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யார் கேட்டாலும் நான் இப்போது ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன்: பக்கத்தில் இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையம். இலவசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அங்கே நாலு கேள்வி கேட்கிறார்கள். அந்த நாலு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கடலூர்–புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி பக்கம் செடி நர்சரி வைத்திருக்கிறேன். ரோஜா, போகன்வில்லா, ஒட்டு மா, ஒட்டு பலா, கொஞ்சம் முந்திரிக் கன்று. எங்கள் வேலை முழுக்கச் செம்மண்ணும் மாட்டு எருவும்தான். மண் கலக்குவதும் பை நிரப்புவதும் வெறுங்கையில்தான் நடக்கும், கையுறை வாங்கிக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஒட்டுக் கட்டுகிற கத்தி விரலைப் பதம் பார்க்கும். ரோஜா முள் நகக்கண்ணில் ஏறும். டெட்டனஸ் கிருமி குடியிருக்கிற இடமும் இதே மண்ணும் எருவும்தான். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். துருவில் ஒன்றுமில்லை. ஆணியில் ஒட்டியிருக்கும் மண்ணில்தான் அந்தக் கிருமியின் வித்துகள் இருக்கின்றன. காற்றுப் புகாத ஆழமான குத்துக் காயம் கிடைத்தால் அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கும். பளபளவென்று இருக்கும் புது ஆணியும் எருக்குழியில் விழுந்து கிடந்தால் அதே ஆபத்துதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த இரண்டொரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் நிழல்வலைப் பந்தல் மொத்தமாகச் சரிந்து, சவுக்குக் கம்பும் கட்டுக்கம்பியும் ஆணி அடித்த சட்டமும் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. அதை அப்புறப்படுத்தும்போது எங்களிடம் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்குச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி பாதத்தில் இறங்கிவிட்டது. ஆணியைப் பிடுங்கியதும் பக்கத்தில் நின்றவர்கள் மஞ்சள் வைக்கச் சொன்னார்கள், ஒருவர் சுண்ணாம்பு என்றார். குழாயடியில் உட்கார வைத்து, சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றி வண்டியில் ஏற்றினோம். வெள்ளத்துக்குப் பிறகு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் 106 பேருக்கு டெட்டனஸ் வந்தது. இடிபாட்டுக்குள் காலில் கையில் காயம் பட்டவர்களுக்குத்தான் வந்தது. அதே சுனாமி நம் தேவனாம்பட்டினத்தையும் அடித்துவிட்டுப் போனது, கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சுகாதார நிலையத்துக்கு வருகிறேன். ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டர் காயத்தைப் பார்த்து, ஊசி அறைக்கு அனுப்பினார். உள்ளே இருந்த சிஸ்டர் சிரிஞ்சை எடுக்கவில்லை. முதலில் நோட்டை எடுத்தார்.

“கடைசியா இந்த ஊசி எப்ப போட்டீங்கண்ணே?”

“ஞாபகமில்லம்மா. எப்பவோ அருவாள் வெட்டினப்ப போட்டது.”

“சின்ன வயசுல முத்தடுப்பு ஊசி போட்டிருக்காங்களா? அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

“எங்க காலத்துல அதெல்லாம் எங்கம்மா...”

“ஊசி போட்டு எப்பவாவது மூச்சு முட்டினது, உடம்பெல்லாம் தடிச்சது, கை கால் மரத்துப் போனது உண்டா?”

“இல்ல.”

“இப்ப ஜுரம் ஏதாவது இருக்கா? வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?”

நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருஷத்தில் இந்த ஊசிக்காக என்னையோ எங்கள் ஆட்களையோ யாரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் ஏரியாவில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அதுவரை போய்க்கொண்டிருந்தோம். அங்கே காயம் என்று சொன்னதுமே கம்பவுண்டர் ஊசியோடு வந்துவிடுவார். போன தடவை எப்போது போட்டது என்ற பேச்சே இருக்காது. “ஆறு மாசம் தாங்கும், அப்புறம் அடிபட்டா மறுபடி போட்டுக்கணும்” என்பார்கள். இந்த ஆறு மாசக் கணக்கு நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கு தப்பு என்று சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். வாழ்நாளில் குறைந்தது மூன்று டோஸ் முறையாகப் போட்டிருந்தால், சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால்தான் மறுபடி தேவை. மண், சாணம், சேறு பட்ட காயம், ஆழமான குத்துக் காயம், தீக்காயம் என்றால் 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒன்று போட வேண்டும். அதற்குள் என்றால் காயத்தைச் சுத்தம் செய்தால் போதும். தேவையில்லாமல் அடிக்கடி போட்டுக்கொள்வதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை, தோளிலிருந்து முழங்கை வரைக்கும்கூட வீங்கி வலிக்கலாம். எங்கள் நர்சரியில் ஒரு அம்மாவுக்கு முன்பு அப்படித்தான் கை தூக்க முடியாமல் வீங்கியது. அப்போது ஊசி சரியில்லை என்று நினைத்தோம். அவர் அதற்கு முந்தின வருஷமும் ஒன்று போட்டிருந்தார், அதை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் முக்கியம். எப்போது போட்டோம் என்றே தெரியாதவர்கள், மூன்று டோஸ் முடிக்காதவர்கள், இவர்களுக்கு அழுக்குக் காயம் பட்டால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி உடம்பைத் தயார் செய்ய நாளாகும். அதுவரைக்கும் காப்பாற்ற இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. நஞ்சை எதிர்க்கும் பொருளை நேராகவே உடம்புக்குக் கொடுப்பது அது. டாக்டர் எங்கள் அண்ணனுக்கு அது வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். தடுப்பூசியை ஒரு கையில் இங்கே போட்டு, அதை அங்கே வேறு இடத்தில் போட்டார்கள். பழைய கிளினிக்கில் இந்த மருந்தின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. யாருக்கு ஒரு ஊசி போதும், யாருக்கு இரண்டும் வேண்டும், யாருக்கு எதுவுமே வேண்டாம் என்பது அந்த நாலு கேள்வியில்தான் தெரியவருகிறது.

அதற்குப் பிறகு மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன், நானும் போட்டுக்கொண்டேன். அந்தத் தடவை ஊசி அறையில் கூட்டம் இல்லை, சிஸ்டர் எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார். தடுப்பூசி, தண்ணீர்க் குடுவை மாதிரி தோளில் மாட்டுகிற நீலப் பெட்டியில் இருந்தது. சுற்றிலும் ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அதை அப்படியே உள்ளே வைப்பதில்லை. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே பிடித்து ஆட்டிப் பார்ப்பார்களாம். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஏனென்றால் இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறையவே கூடாது. இதில் கலந்திருக்கும் அலுமினியம் உப்பு உறைந்தால் திரிதிரியாகிப் போகும், ஊசி வேலை செய்யாது. இளம் கன்றுகளை வெயிலுக்குக் காட்டாமல் வளர்க்கிற எனக்கு இந்தக் கவனத்தைப் பார்த்ததும் அந்த இடத்தின் மேல் பெரிய மரியாதை வந்தது.

குப்பி சுண்டுவிரல் உயரம்தான், 10 பேருக்குப் போடுகிற மருந்து அதில் இருக்கிறது, ஒருவருக்கு அரை மில்லி. லேபிளில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் கறுத்துவிட்டாலோ, அதிகச் சூடு பட்டுக் கெட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த தேதியையும் நேரத்தையும் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதியிருந்தார். சரியாக வைத்திருந்தால் திறந்ததிலிருந்து 28 நாள் வரை பயன்படுத்தலாமாம். சிரிஞ்சு ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை, மறுபடி இழுக்க வராது. போட்டு முடித்த கையோடு ஒரு சின்னக் கருவியில் ஊசியை வெட்டிவிட்டார். அடுத்த தடவை நீங்கள் போகும்போது அந்த வட்டத்தையும் சதுரத்தையும் காட்டச் சொல்லுங்கள். எந்த நல்ல நர்சும் மறுக்க மாட்டார்.

எங்களோடு வந்த ஆயாவுக்குத்தான் ஊசியே பிடிக்கவில்லை. “எனக்கு எதுக்கும்மா, பேரன் பேத்தி எடுத்தாச்சு” என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆயா, எரு அள்ளுற கைக்கு வயசு கிடையாது. சின்ன வயசுல போட்டவங்களுக்கே அந்த சக்தி கொறைஞ்சுகிட்டே வரும். நீங்க போட்டதே இல்லன்னு சொல்றீங்க, உங்களுக்குத்தான் மொதல்ல வேணும்” என்றார். ஆயா கையை நீட்டினார். போட்டதே இல்லாத பெரியவர்களுக்கு மூன்று டோஸ்: முதல் ஊசி, 4 வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது. அதன் பிறகு 10 வருஷத்துக்கு ஒன்று.

டெட்டனஸ் என்ன செய்யும் என்று எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் தெரியும், ரணஜன்னி என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் தாடை இறுகும், வாயைத் திறக்க முடியாது. அப்புறம் கழுத்து, முதுகு. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைகிற அளவுக்கு இழுப்பு வரும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். காயம் பட்டு 3 நாளிலிருந்து 3 வாரத்துக்குள் வரலாம். காயம் ஆறிப்போய் மறந்தே போயிருப்போம். நல்ல சிகிச்சை கிடைத்தாலும் 10 பேரில் ஒருவர் இருவர் இறந்துபோகிற நோய் இது. ஒரு தடவை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம், அவரும் தடுப்பூசி போட்டுத்தான் ஆக வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதால் ஊரில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், நமக்கு வராது என்று இருக்கவும் முடியாது. அவரவர் போட்டுக்கொண்டால்தான் அவரவருக்குப் பாதுகாப்பு.

இப்போது போடுவது பழைய டெட்டனஸ் ஊசி மட்டும் இல்லை, டிப்தீரியாவுக்கும் சேர்த்துத்தான். 2019-ஐ ஒட்டி அரசு திட்டத்தில் இப்படி மாற்றிவிட்டார்கள். டிப்தீரியா தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலத்தை உண்டாக்கி மூச்சை அடைக்கும், கழுத்து வீங்கும், அதன் நஞ்சு இதயத்தையும் நரம்பையும் தாக்கும். இது இருமல் தும்மலில் பரவக்கூடியது. குழந்தைகள் நோய் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். ஆனால் சின்ன வயதில் போட்ட ஊசியின் சக்தி குறைந்தவர்களுக்கும், டோஸ் விட்டுப்போனவர்களுக்கும் இன்றும் நம் நாட்டில் வந்துகொண்டிருக்கிறது. எப்படியும் ஒரு தடவை கையில் குத்தப் போகிறோம், இரண்டுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் நல்லதுதானே. குழந்தைகளுக்குப் போடுவதைவிடப் பெரியவர்களுக்கான ஊசியில் டிப்தீரியா பங்கு குறைவாக இருக்கும். இரண்டுமே செயலிழக்கச் செய்த நஞ்சுதான், உயிருள்ள கிருமி எதுவும் இதில் கிடையாது. ஊசியாலேயே நோய் வந்துவிடும் என்ற பயத்துக்கு இடமே இல்லை.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் பை நிரப்பும் பெண் ஒருவர் அப்போது இரண்டாவது குழந்தைக்கு நாலாவது மாதம். அவருடைய முதல் குழந்தையின் தாய்–சேய் அட்டையை எடுத்துவரச் சொல்லி, முந்தின கர்ப்பத்தில் இரண்டு டோஸும் போட்டதைப் பார்த்து, 3 வருஷத்துக்குள் என்பதால் ஒரே ஒரு பூஸ்டர் போதும் என்று போட்டார்கள். முதல் கர்ப்பம் என்றால் தெரிந்தவுடன் ஒன்று, 4 வாரம் கழித்து இன்னொன்று. அம்மாவின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். ஒரு காலத்தில் தொப்புள் கொடியை ஏதோ ஒரு பிளேடால் வெட்டி, சாணமும் சாம்பலும் வைத்து, எத்தனை பச்சைக் குழந்தைகளை இந்த நோய்க்குக் கொடுத்தோம். 2015-இல் இந்தியா இந்தப் பிறந்த குழந்தை டெட்டனஸை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது, அதாவது எந்த மாவட்டத்திலும் 1000 பிரசவத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக அலைந்ததால்தான் அது குழந்தைகளிடம் வரவில்லை. கக்குவான் இருமலுக்கும் சேர்த்து மூன்று நோய்க்கான ஊசி தனியார் மருத்துவமனைகளில் காசுக்குக் கிடைக்கிறது. கர்ப்பிணிகள் டாக்டரிடம் அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். மயக்கம் வருகிறதா, அரிதாக வரும் கடும் அலர்ஜி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான். எனக்கு அன்று ராத்திரி தோள் கனத்தது, மறுநாள் மண்வெட்டி பிடிக்கும்போது வலித்தது, அதற்கு மறுநாள் சரியாகிவிட்டது. ஒருவருக்கு லேசான காய்ச்சல். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஈரத்துணி வைக்கலாம், கையை ஆட்டாமல் வைத்திருக்காமல் வேலை செய்தால் வலி சீக்கிரம் விடும். முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு வந்தாலோ உடனே திரும்பி வரச் சொன்னார்கள். முன்பு இந்த ஊசிக்குக் கடும் அலர்ஜி வந்தவர்கள், கை கால் செயலிழக்கிற கில்லன்–பாரே நோய் வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடுமையான காய்ச்சலில் இருப்பவர்கள் சரியானதும் போட்டுக்கொள்ளலாம், சளி இருமல் மட்டும் என்றால் தடையில்லை.

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுவரில் இருக்கும் அட்டவணை முழுக்கக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான்: பிறந்ததும் எது, 6, 10, 14 வாரத்தில் எது, 10 வயதிலும் 16 வயதிலும் இந்த ஊசி என்று அழகாக எழுதியிருக்கிறது. 16-க்கு மேல் ஒரு வரிகூட இல்லை. 40 வயது ஆள் வந்து அந்தச் சுவரைப் பார்த்தால் தனக்கு இங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைப்பார். இன்னொன்று, குழந்தைக்கு அட்டை உண்டு, கர்ப்பிணிக்கு அட்டை உண்டு, காயத்துக்கு ஊசி போடுகிற பெரியவருக்கு எதுவும் இல்லை. ஓ.பி. சீட்டின் ஓரத்தில் எழுதித் தருகிறார்கள், அது சட்டைப் பையிலேயே கரைந்துபோகிறது. கடைசி ஊசி எப்போது என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற இடம், அடுத்த தடவை பதில் சொல்ல ஒரு அட்டையும் கொடுக்க வேண்டும். நான் இதை டாக்டரிடமும் சொன்னேன். இப்போதைக்கு நர்சரியில் ஒரு நோட்டுப் போட்டு, யார், எந்தத் தேதி, எத்தனாவது டோஸ், அடுத்தது எப்போது என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். சித்தாள், கொத்தனார் வைத்து வேலை வாங்குகிறவர்கள், பட்டறை, செங்கல் சூளை, மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். பெரிய வேலையே இல்லை.

உட்காரும் பெஞ்சு போதாது, மழை பெய்தால் வராந்தாவில் சாரல் அடிக்கிறது. அந்தச் சுகாதார நிலையம் இருக்கும் ஊரின் பெயரை நான் எழுதவில்லை, அங்கே வேலை செய்பவர்களைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: காயம் என்றால் எந்த நாளும் போகலாம், அன்றே போய்விடுங்கள். காயம் இல்லாமல் பூஸ்டர் மட்டும் வேண்டும் என்றால் முதலில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து இருப்பைப் பொறுத்து வரச் சொல்வார்கள். புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள், காலையில் கூட்டம் நெருக்கும், வேறு நாள் பாருங்கள். பழைய சீட்டு, கர்ப்ப கால அட்டை, பள்ளியில் போட்டதற்கான தாள், எது கிடைத்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். கை மேலே ஏறும்படி தளர்வான சட்டை போட்டுப் போனால் நல்லது.